அம்மாவின் பல் செலவுக்கு எச்எஸ்ஏ கார்டைத் தேய்த்துவிட்டேன், சிக்கலா?

டாலஸ்வாசி: அவசரக் கேள்வி. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல், அப்புறம் கிரவுன். 2,340 டாலர். பர்சில் முதலில் கைக்கு வந்தது எச்எஸ்ஏ (வரியில்லாமல் மருத்துவச் செலவுக்குச் சேமிக்கும் அமெரிக்கக் கணக்கு) கார்டு, கொடுத்துவிட்டேன். ஆபீஸ் நண்பன் 20 சதவீதம் அபராதம் என்கிறான். அம்மா என் இன்சூரன்ஸில் இல்லை. என்ன செய்வது?

சாம்பார்வடை: விசிட்டர் விசாவா, கிரீன் கார்டா? அதைச் சொல்லாமல் என்ன பதில் சொல்ல?

ரசீதுப்பெட்டி: எச்எஸ்ஏ-வைத் தொடவே கூடாது. கைக்காசைக் கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு திறந்த பிறகு ஆன செலவு என்றால் பத்து வருஷம் கழித்துக்கூட எடுக்கலாம். நான் 2016 முதல் செருப்பு டப்பாவில் சேர்த்து வருகிறேன்.

சாம்பார்வடை: பத்து வருஷத்தில் அந்த ரசீதெல்லாம் வெள்ளைத் தாள் ஆகியிருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-இன் வெளியீடு 969 இருக்கிறது, படியுங்கள். வரிக் கணக்கில் அம்மாவை டிபெண்டென்ட்டாக, அதாவது உங்களைச் சார்ந்தவராக, காட்டுகிறீர்களா, இல்லையா?

டாலஸ்வாசி: சாரி. கிரீன் கார்டு, மூன்று வருஷமாக என்னோடுதான். டிபெண்டென்ட்டாகக் காட்டவில்லை. அப்பா போன பிறகு குடும்ப பென்ஷன் மாதம் 45,000 ரூபாய் வருகிறது. டிபெண்டென்ட்டின் வருமானத்துக்கு 2025-இல் வரம்பு 5,200 டாலர், அதைத் தாண்டுகிறது.

கணக்குப்பிள்ளை: அப்புறம் என்ன கேள்வி? டிபெண்டென்ட் இல்லை என்றால் இல்லைதான். 2,340-ஐ வருமானத்தில் சேர்த்து வரி, அதற்கு மேல் அபராதம் 468 டாலர்.

மிச்சிகன்_மாமி: கணக்குப்பிள்ளை சார், அதே 969-ஐ நீங்களும் இன்னொரு முறை புரட்டலாம். வருமான வரம்பு ஒன்றுதான் தடை என்றால், அப்படிப்பட்டவருக்கும் எச்எஸ்ஏ-வில் செலவழிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. பார்க்க வேண்டியது, அம்மாவின் வருஷச் செலவில் பாதிக்கு மேல் யார் கொடுக்கிறார்கள் என்பதை. தம்பி, அந்த பென்ஷன் எங்கே போகிறது?

டாலஸ்வாசி: கும்பகோணத்தில் பாங்கிலேயே கிடக்கிறது. பேத்தி கல்யாணத்துக்காம். பேத்திக்கு நாலு வயசு.

மிச்சிகன்_மாமி: செலவழிக்காத பணம் அந்தச் செலவுக் கணக்கில் வராது. அம்மா இருக்கும் அறைக்கு நியாயமான வாடகை, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் நீங்கள் கொடுப்பதாகச் சேரும். ஒரு தாளில் எழுதி வையுங்கள். அம்மாவின் இன்சூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் இந்தக் கார்டில் கட்டாதீர்கள்.

திருச்சிக்காரி: என் மாமியார் பெட்டி நிறைய பிரஷர் மாத்திரை கொண்டு வருவார். அதற்கு?

மிச்சிகன்_மாமி: இங்கே கொண்டு வந்ததற்கு ஆகாது. ஊரிலேயே வாங்கி ஊரிலேயே சாப்பிட்டது, டாக்டர் எழுதியது, இரண்டு நாட்டிலும் அனுமதி உள்ளது என்றால் சேரும்.

ரசீதுப்பெட்டி: பல்லையே ஊரில் பார்த்திருக்கலாம். எவ்வளவோ மிச்சம்.

சாம்பார்வடை: முகம் வீங்கி, விமானத்தில் ஒரு நாள் பூரா உட்கார்ந்தா? முதலில் நீங்கள் போய் வாருங்கள்.

ரசீதுப்பெட்டி: நான் 2019-இல் போனேன். இரண்டு பல், டிக்கெட் காசு உட்படக் கணக்குப் போட்டால்...

கணக்குப்பிள்ளை: இழை எங்கேயோ போகிறது. எப்படியானாலும் வரிக் கணக்கோடு எச்எஸ்ஏ-வுக்கான 8889 படிவம் நிரப்பியே ஆக வேண்டும், அதை யாரும் சொல்லவில்லை.

டாலஸ்வாசி: ஆடிட்டரிடம் காட்டினேன், மாமி சொன்னதுதான் சரி என்றார். 8889 போடுகிறார். கிரவுன் வியாழக்கிழமை. நன்றி.