வெளிநாட்டு விருந்தாளிங்கள எங்க கூட்டிட்டுப் போறது?

வணக்கம் மக்களே, ஒரு ஹெல்ப் வேணும். எங்க வீட்டுக்காரர் கூட ஜெர்மனில வேலை பார்த்த ஒருத்தர் டிசம்பர் கடைசில மனைவியோட காரைக்குடி வர்றார், ரெண்டு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல. கானாடுகாத்தான் வீடுங்க, ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் அவங்களே நெட்ல பார்த்து வச்சிருக்காங்க, ஆனா கேக்கறது பறவையும் மலையும்தான்!

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் போகலாம்னு இருக்கேன். அந்தப் பறவைங்களுக்காக கொள்ளுகுடிப்பட்டி ஜனங்க தீபாவளிக்குக்கூட வெடி போடறதில்லன்னு சொன்னதுமே அந்தம்மா இப்பவே கிளம்பறேன்னாங்க. இந்த வருஷம் கண்மாய்ல தண்ணி நிக்குதா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கனெல்லாம் வந்திருச்சா, காலைல எத்தனை மணிக்குப் போனா நல்லா தெரியும்? அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது பார்த்துட்டு சொல்லுங்கப்பு.

அப்புறம் பிரான்மலை. பாரியோட பறம்பு மலைன்னு நான் பெருமையா சொல்லிட்டேன், இப்ப உச்சி தர்கா வரைக்கும் ஏறணுமாம், அந்த வயசுல முடியுமா, வழில குரங்குத் தொல்லை உண்டா? இல்ல கீழ கோயிலோட நிறுத்திக்கலாமா? பாதை தெரிஞ்ச உள்ளூர் ஆள் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, காசு குடுத்துடறோம். மதியச் சாப்பாடு பத்தி கவலையில்ல, ஆச்சி இப்பவே மெனு போட ஆரம்பிச்சாச்சு, காரத்தைக் குறைக்கச் சொன்னாதான் கோவம் வருது.