மவனுக்க ஜீன்ஸ் இடுப்புல நிக்க மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

கருங்கல்காரி:
எனக்க மவன் பிளஸ் ஒன் படிக்கான். ஸ்கூலுக்கு யூனிஃபார்ம்ங்கிறதால திங்கள்ல இருந்து வெள்ளி வரை வீட்டுல சமாதானம். சனி, ஞாயிறுதான் தொல்லை. அவனுக்கு இடுப்பு 28. வாங்கியிருக்கது 34, பேகி ஜீன்ஸ். பெல்ட் போடமாட்டான். இடுப்பெலும்புக்குக் கீழ எங்கேயோ தொங்குது. ஜட்டிப் பட்டையில எழுதியிருக்க கம்பெனி பேரை ஊரே வாசிக்கலாம். கால்பக்கம் செருப்புக்கு அடியில போயி ஓரமெல்லாம் நாரு நாரா பிஞ்சு கிடக்கு. மேல ஒரு டீ-ஷர்ட், தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்துல. விலையக் கேட்டா எனக்க மாமியாருக்கு மயக்கம் வந்துரும்னு பாதி விலைதான் சொல்லியிருக்கேன்.

போன ஞாயிறு சர்ச்சுல பூசைக்கு இந்தக் கோலத்துல இறங்குனான். மாமி ஒண்ணும் பேசல. கிணத்தடிக்குப் போயி கயிறு ஒரு முழம் அறுத்துட்டு வந்து, "மக்களே, இந்தா, கெட்டிக்கோ"ன்னு நீட்டினாவ. அவன் சிரிக்கல. மேல ரூமுக்குப் போனவன் பூசைக்கே வரல. அவனுக்க அப்பா துபாய்ல. வீடியோ கால்ல "விடு பிள்ளே, அவனே மாத்திருவான்"ங்காரு. அங்க இருந்து சொல்ல எளுப்பம்.

துவைக்கது நான்தானே. நமக்கு ஜூன்ல எடவப்பாதியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. இந்தக் கனத்துணி காயவே மாட்டேங்குது. வெளிய தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், பாக்கெட்டுக்குள்ள கைய விட்டா ஈரம். இப்ப கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னு நிக்கான்.

எனக்கு ரெண்டே கவலைதான். சைக்கிள் செயின்ல கால் மாட்டப்பிடாது. ஜட்டி தெரியப்பிடாது. மத்தபடி எப்படி வேணாலும் போட்டுட்டுப் போகட்டும். சண்டை போடாம இத எப்படி முடிக்கது? "பாக்க சகிக்கலன்னு சொல்லுங்க"ன்னு மட்டும் யாரும் எழுதாதிய, அது வீட்டுல தினமும் நடக்கு.

பழைய பெல்பாட்டம்:
தங்கச்சி, 1970கள்ல நான் நாகர்கோவில்ல காலேஜ் படிச்சவன். அப்போ பெல்பாட்டம். ரோட்டைக் கூட்டிட்டே நடப்போம். எங்க அப்பா என் பேன்ட்டைக் கொடியில பாத்துட்டு, "இவனுக்க ஒரு கால்ல எனக்கு ஒரு சட்டை தைக்கலாம்"னாரு. அவரு திட்டித் திட்டித்தான் நான் இன்னும் கொஞ்சம் அகலமா தச்சேன். அப்புறம் எப்ப விட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கல்யாண போட்டோவுல நான் நிக்கத பாத்து பேரப்பிள்ளைகள் இன்னைக்கும் சிரிக்குது. விட்டுருங்க.

வடசேரி டெய்லர்:
அக்கா, விடவும் வேண்டாம், புடிக்கவும் வேண்டாம். இது தையல் மெஷின்ல தீருற விஷயம்.

இடுப்பு 34ஐ 28 ஆக்குறேன்னு எவனாவது சொன்னா குடுக்காதீங்க. பின்னாடி நடுத்தையலைப் பிரிச்சு ரெண்டு இஞ்ச் வரை உள்ள எடுக்கலாம். அதுக்கு மேல எடுத்தா பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், பையன் அதைத் திரும்பத் தொடமாட்டான். அதனால ரெண்டு இஞ்ச் எடுத்துட்டு, இடுப்புப்பட்டை உள்பக்கம் முதுகுப் பக்கமா மட்டும் அகல எலாஸ்டிக் கோத்து விட்டுரலாம். முன்பக்கம் அதே தொளதொள. வெளிய இருந்து பாத்தா எலாஸ்டிக் இருக்கதே தெரியாது. இடுப்பெலும்புல போயி நிக்கும், அதுக்குக் கீழ இறங்காது.

கால் அகலத்தைத் தொடவே தொடாதீங்க, அவனுக்கு அதுதான் ஸ்டைல். நீளத்தை மட்டும் பாருங்க. போடுற செருப்பைப் போட்டு நிக்க வச்சு, குதிகால்ல தரையில இருந்து ஒரு இஞ்ச் மேல முடியணும். சைக்கிள்ல செயின் வலதுபக்கம். வலது கால்ல மட்டும் ஒரு வெல்க்ரோ பட்டை சுத்திட்டு ஓட்டச் சொல்லுங்க.

திருவிழாவுக்கு எடுக்கும்போது வெளுத்தது, கிழிச்சதுன்னு போகாம பாத்துக்கோங்க. ஜீன்ஸ்ல நெடுக்க ஓடுறது நீலநூல், குறுக்க ஓடுறது வெள்ளை நூல். நீலநூலைத் தேச்சு அறுத்தாத்தான் முட்டியில வெள்ளையா வரி வரியாத் தெரியுது. நம்ம வாஷிங் மெஷின் அந்த வெள்ளையையும் அறுத்துரும். இன்னொண்ணு, மணலைப் பீச்சியடிச்சு ஜீன்ஸை வெளுக்கிற வேலையில துருக்கியில தொழிலாளிங்க நுரையீரல் கெட்டுச் செத்தாங்க, 2009ல அந்த முறையவே அங்க தடை பண்ணினாங்க. என் அக்கா மகன் வெளுத்த ஜீன்ஸை விட்டது இதைக் கேட்டுத்தான். திட்டு வாங்கி இல்ல.

காலேஜ் செகண்ட் இயர்:
ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா? உங்க பையன் ஒல்லியா? 28ன்னா ஒல்லிதான். எங்க கிளாஸ்ல பேகி போடுற பசங்க பாதிப் பேரு ஒல்லிப் பசங்க. டைட்டா போட்டா கால் குச்சி மாதிரி தெரியுதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. லூசா போட்டா அந்தப் பேச்சு வராது. எல்லாரும் இதுக்காகத்தான் போடுறாங்கன்னு சொல்லல, ஆனா அவன்கிட்ட கேட்டுப் பாருங்க. பாட்டி கயிறு நீட்டினப்போ அவன் சிரிக்காததுக்கும் இதுதான் காரணமோ என்னவோ.

மார்த்தாண்டம் டீச்சர்:
இங்க எல்லாரும் பையன்னதும் எவ்வளவு பொறுமையா எலாஸ்டிக் யோசனை சொல்லுதீங்க. இதே கேள்விய ஒரு பொம்பளப் பிள்ளைக்க அம்மா கேட்டிருந்தா "மானம் போச்சு"ன்னு எழுதியிருப்பீங்க.

நம்ம ஊருல துணிக்காக நடந்த சண்டை கொஞ்சமா? தோள்சீலை, அதான் மாரை மறைக்க மேல்துணி, போட்டாங்கன்னு சந்தையில வச்சுப் பெண்களுக்க துணியக் கிழிச்ச மண்ணு இது. 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டப்பவும், நாடார் பெண்கள் மேல துணி போடலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு கொக்கி வச்சுத்தான் குடுத்தாரு. 2023ல நாகர்கோவில்ல அந்தப் போராட்டத்துக்க 200ஆவது ஆண்டு விழாவுக்கு தமிழ்நாடு, கேரளா ரெண்டு மாநில முதல்வர்களும் வந்தாங்க. ஒருத்தன் உடம்புல என்ன கிடக்கணும்னு ஊரு சொல்லுறப்ப எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

கருங்கல்காரி:
டீச்சர், நீங்க சொல்லுத சரித்திரம் எல்லாம் எனக்க பாட்டி சொல்லிக் கேட்டதுதான். ஆனா அவங்க மூடுறதுக்காக அடி வாங்கினாவ. இவன் ஜட்டி கம்பெனிக்குச் சம்பளம் இல்லாம விளம்பரம் செய்யான். ரெண்டையும் ஒரே கணக்குல போடாதிய. பொம்பளப் பிள்ளையா இருந்தாலும் நான் இந்த ரெண்டு கவலையத்தான் சொல்லியிருப்பேன். மாமி என்ன சொல்லியிருப்பாவங்கது வேற கதை, அதுல நீங்க சொல்லுதது சரி.

செகண்ட் இயர் தங்கச்சி சொன்னத அவன்கிட்ட நேரா கேக்கல, சுத்தி வளைச்சுக் கேட்டேன். பதில் இல்ல. ஆனா நான் கேட்டப்ப போனைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தான், அது நம்ம வீட்டுல அபூர்வம். எலாஸ்டிக்குக்கு "முன்னாடி தெரியாதுன்னா சரி"ன்னான். நீளத்துக்கு இன்னும் சம்மதிக்கல, அரை இஞ்ச் போதும்ங்கான். மாமிக்கிட்ட கயிறை எல்லாம் எடுத்து உள்ள வையுங்கன்னு சொல்லியிருக்கேன்.

டெய்லரண்ணே, சனிக்கிழமை வடசேரிக்கு வந்தா கடை உண்டா? இப்ப போடுறதையும் புதுசையும் சேத்துக் கொண்டு வாறேன்.

வடசேரி டெய்லர்:
உண்டு அக்கா, சாயங்காலம் வாங்க, காலையில சந்தைக் கூட்டம். புதுசை ஒரு தடவை துவைச்சு நல்லா காய வச்சுட்டுக் கொண்டு வாங்க. துவைக்காததைக் குறைச்சுத் தச்சா அடுத்த துவையல்ல சுருங்கி மேல ஏறிரும், பொறவு அவன் என்னைத்தான் திட்டுவான். பாக்கெட்டுக்குள்ள ஈரம் இருந்தா ஃபேன் அடியில போடுங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க, அரை இஞ்சா ஒரு இஞ்சாங்கத அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.