மருந்து எழுதும்போது கணினி குறுக்கே பேசலாமா?

கொடிகாமத்தான்:
மாமாவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை. அண்மையில் வயிற்றோட்டம் என்று ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனார். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டிவிடும் என்பது எந்த மருந்துப் புத்தகத்திலும் உள்ள விஷயம். பல் முரசால் இரத்தம் வரத் தொடங்கியது, இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பார்த்தால் எங்கோ உயரத்தில் போய் நிற்கிறது. கிளினிக் கொப்பி பையில்தான் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் பிடிக்கப் பெரிய மேதாவி இயந்திரம் வேண்டாம். மருந்தின் பெயரை அடித்ததும் 'இவர் வார்ஃபரின் எடுக்கிறார்' என்று திரையில் ஒரு வரி வந்தால் போதும். அமெரிக்காவில் கிளெமென்ட் மக்டொனால்ட் என்ற வைத்தியர் 1976இலேயே இப்படியொன்றைச் சோதித்தார். கணினி நினைவூட்டியபோது கவனிக்க வேண்டிய விஷயங்களில் 51 வீதத்துக்கு வைத்தியர்கள் நடவடிக்கை எடுத்தார்கள். நினைவூட்டாதபோது 22 வீதம்தான். அக்கறைக் குறைவு அல்ல, மனிதத் தலையில் அவ்வளவும் நிற்காது என்பதே அவருடைய முடிவு. இலங்கையின் வடக்கில் எல்லா வைத்தியசாலைகளிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

வடமராட்சி மிஸ்ஸி:
வந்துவிட்டேன் தம்பி. உங்கள் மாமாவின் கதையையே எடுப்போம். வார்ஃபரின் எழுதியது கிளினிக்கில், மற்றதைக் கொடுத்தது டிஸ்பென்சரியில். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே தொடர்பு அந்தக் கொப்பி. அரசாங்க வைத்தியசாலையில் நூறு கணினி வைத்திருந்தாலும் டிஸ்பென்சரி மேசையில் ஒரு வரியும் வந்திருக்காது.

அடுத்தது, சத்தம். வாட்டில் மொனிட்டர் ஓயாமல் கத்தினால் கொஞ்ச நாளில் காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். மருந்து எச்சரிக்கையும் அப்படித்தான். 2006இல் வந்த ஒரு மீளாய்வின்படி, வெளிநாடுகளில் இந்த எச்சரிக்கைகளில் 49 முதல் 96 வீதம் வரை வைத்தியர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில், 'எபிக்' என்ற வைத்தியசாலை மென்பொருளின் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) எச்சரிக்கையை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருக்கிறது. சரி, பேசாமலாவது இருந்ததா? அனுமதிக்கப்பட்டவர்களில் 18 வீதத்தினருக்கு மணி அடித்திருக்கிறது. அவ்வளவு பணமுள்ள இடத்திலேயே இந்தக் கதை.

கொடிகாமத்தான்:
அக்கா, செப்சிஸ் வருமா என்று கணினி சொல்வது ஊகம். நான் கேட்பது விதி. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் என்று எழுதினால் ஆளே போய்விடலாம். 'தினமும்' என்று அடித்தால் திரை மறுக்க வேண்டும். இதில் ஊகம் எங்கே?

ஒன்கோல் டொக்டர்:
இரண்டு பேரும் மருந்துச் சீட்டிலேயே நிற்கிறீர்கள். மார்கழி, தையில் டெங்கு வாட்டுக்கு வந்து பாருங்கள். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டத்தில் 48 மணி நேரத்துக்குக் கொடுக்கக்கூடிய நீருக்கு நம் தேசிய வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோ ஆளுக்கு 4600 மில்லிலீட்டர், வாயால் குடிப்பதும் அதற்குள் அடக்கம். குறைந்தால் இரத்த ஓட்டம் விழுந்து ஷொக், கூடினால் நெஞ்சுக்குள் நீர். விடிய மூன்று மணிக்கு, எத்தனையாவது கட்டில் என்றே தெரியாத நிலையில், மணிக்கு மணி கூட்டிக் கழிக்கிறோம். அந்தக் கணக்கைக் கணினி செய்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

ஆனால் அந்த 48 மணி நேரம் எப்போது தொடங்கியது? இரத்தத் தட்டணுக்கள் 100,000க்குக் கீழே இறங்கும்போதும், ஸ்கானில் நீர் தெரியும்போதும் நாங்கள்தான் பின்னோக்கிக் கணிக்கிறோம். ஆறு மணி நேரம் பிந்தி அடித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் பிழை. திரையில் வந்த எண்ணை ஒருவரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

வடமராட்சி மிஸ்ஸி:
டொக்டர் என் பக்கம் வந்துவிட்டார்!

ஒன்கோல் டொக்டர்:
இல்லை மிஸ்ஸி. இங்கிலாந்தின் லீட்ஸில் டி டொம்பல் என்ற வைத்தியரின் குழு 1972இல் வயிற்றுவலிக்கு ஒரு கணினி முறையைச் சோதித்தது. 304 நோயாளிகளில் கணினி 91.8 வீதம் சரி, மூத்த வைத்தியர்கள் 79.6 வீதம். எனக்குப் பிடித்தது அந்த எண்கள் அல்ல. பிறகு அதைப் பல இடங்களில் பயன்படுத்தியபோது, கணினிக்காக ஒழுங்கான படிவம் நிரப்பிய வைத்தியர்களின் கணிப்பும் தேறியது. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்று ஒன்றையும் விடாமல் கேட்க வேண்டியிருந்ததே காரணம். எனக்கு வேண்டியது அந்தப் படிவம். கட்டளை போடும் பெட்டி வேண்டாம்.

சுன்னாகம் பாமசி:
நடைமுறை சொல்கிறேன். வருகிறவர்களில் பலருக்கு மருந்தின் பெயர் தெரியாது. 'வெள்ளைக் குளிசை, பாதியாக உடைச்சுப் போடுறது' என்பார்கள். சிலர் வெறும் மட்டையைக் கொண்டு வருவார்கள், அதிலும் பெயர் இருந்த பக்கம் கிழிந்திருக்கும். இதில் எதைத் தம்பி கணினியில் அடிப்பது?

கொடிகாமத்தான்:
அதற்குத்தான் தனியாரையும் பாமசிகளையும் ஒரே பதிவில் இணைக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனிச் சுகாதார இலக்கம் கொடுக்கும் வேலை நாட்டில் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. எச்சரிக்கை ஆயிரம் வேண்டாம், ஆளைக் கொல்லக்கூடிய பத்து மட்டும் போதும்.

வடமராட்சி மிஸ்ஸி:
பத்து என்றால் பேசலாம். வார்ஃபரின் ஒன்று, மெத்தோட்ரெக்சேட் ஒன்று, சிறுநீரகம் பழுதானவருக்கு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஒன்று. மற்ற ஏழையும் யார் தீர்மானிப்பது? கொழும்பில் மென்பொருள் எழுதுகிறவரா, வாட்டில் நிற்கிறவர்களா? எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மருந்து கொடுத்தால் விசாரணையில் யார் பெயர் வரும்? அதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை கட்டாயம் என்ற சொல்லுக்கு நான் எதிர்.