பதற்ற நோய்க்கான மாத்திரை: தோல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டிய செய்தி

என் தாயாரின் மனப்பதற்ற நோய்க்கு மனநல மருத்துவர் காலையில் எஸ்சிட்டலோப்ராமும், அது வேலை செய்யத் தொடங்கும்வரை இரவில் மட்டும், பதற்றத்தை விரைவில் தணித்துத் தூக்கம் தரும் அல்ப்ரசோலம் 0.25 மில்லிகிராமும் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்றும், தொடக்கத்தில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம் என்றும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அம்மா பயந்துபோய் நிறுத்திவிடவில்லை.

இடையில் இடுப்பில் படர்தாமரை வந்து தோல் மருத்துவரிடம் போனோம். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "பிரஷருக்கு மட்டும்தான்" என்றார் அம்மா. மனநல மருந்தைப் பற்றித் தோல் மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நம் வீடுகளில் பலருக்கும் அதே கணக்குதான். தோல் மருத்துவர் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை எழுதினார்.

அல்ப்ரசோலம், கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்கப்படும் மருந்துகளுக்கான ஷெட்யூல் எச்1 என்ற அரசுப் பட்டியலில் உள்ளதால், 2014 முதல் மருந்துக் கடையில் அதை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக நீட்டினோம். எழுதிக்கொண்டிருந்த மருந்தாளுநர் பேனாவை வைத்துவிட்டு, "இது ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதும்மா, டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்க" என்றார். கல்லீரலில் அல்ப்ரசோலத்தைச் சிதைக்கும் நொதியை இட்ராகோனசோல் முடக்கிவிடுவதால், அதே சிறிய மாத்திரை உடலில் தேங்கி, கூடுதல் அளவு சாப்பிட்டதற்கு ஈடான மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். வயதானவர் இரவில் கழிவறைக்கு எழுந்தால் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து உண்டு. விவரம் தெரிந்ததும் தோல் மருத்துவரே பூசும் களிம்புக்கு மாற்றினார்.

மறுமொழி:

அப்படிப்பட்ட மருந்தாளுநர் எல்லாக் கடைகளிலும் வாய்ப்பதில்லை. எங்கள் ஊர்க் கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி நான்கு மாத்திரை கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். அதனால் முழு அட்டையாகவே கேட்டு வாங்குகிறோம்.

என் கணவர், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எஸ்சிட்டலோப்ராமைத் தாமாகவே நிறுத்தினார். சில நாள்களிலேயே தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போன்ற உணர்வும், காரணமற்ற எரிச்சலும் வந்ததும், நோய் திரும்பிவிட்டதென்றே கலங்கினோம். சட்டென்று நிறுத்தியதன் விளைவு இது என்று விளக்கிய மருத்துவர், மீண்டும் தொடங்கச் சொல்லி, பிறகு 10 மில்லிகிராமை 5 ஆக்கி, படிப்படியாக நிறுத்தினார். அல்ப்ரசோலத்தை நெடுநாள் எடுத்தவர்கள் திடீரென விட்டால் வலிப்பே வரக்கூடும் என்பதால், அதில் இந்த நிதானம் இன்னும் அவசியம்.

மறுமொழி:

மூட்டுவலிக்கு டிராமடால் என்ற வலிநிவாரணி எழுதும் மருத்துவரிடமும் எஸ்சிட்டலோப்ராம் எடுப்பதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். அல்ப்ரசோலத்துடன் மது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். இதை நான் தயங்காமல் உறவினர்களிடம் சொல்லிவிடுவேன். இரவு நேரத்தில் பதற்றம் மிகுந்து பேச ஆள் வேண்டுமென்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.