சிறப்புக் குழந்தைகளுக்கான கோடை முகாமில் உதவியாளராகச் சேர்கிறேன்: எதற்குத் தயாராக வேண்டும்?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இளங்கலை உளவியல் படிக்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்காக மே மாதம் நடக்கவிருக்கும் பகல்நேர முகாமில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு நாள் பயிற்சி மட்டுமே தருவார்களாம். ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, அழுகை அடங்காமல் போனாலோ நான் என்ன செய்ய வேண்டும்? கடைசி நாளில் மெரினாவுக்கு அழைத்துச் செல்லும் திட்டமும் இருப்பதால் சற்றுப் பயமாகவே இருக்கிறது.

சிறப்பாசிரியர்:
வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்துவிட்டு, உடனே கடிகாரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க யாராவது ஓடி வருவார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் வாய்க்குள் கரண்டியையோ தண்ணீரையோ கொண்டுபோக எவரையும் அனுமதிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அதுவே அந்தக் குழந்தைக்கு முதல் வலிப்பாக இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். டோபிராமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைப்பதால், சென்னை வெயிலில் அவற்றை உட்கொள்ளும் குழந்தையின் உடல் விரைவில் சூடேறிவிடும். ஆகவே மருந்துப் பட்டியலை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஊட்டும்போது தலை பின்னால் சாயக் கூடாது. வீட்டில் எந்தப் பதத்தில் கொடுக்கிறார்களோ அதே பதத்தில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

முன்னாள் தன்னார்வலர்:
அழுகையைப் பற்றி நான் சொல்கிறேன். அதை அடம் என்று எண்ணி ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு சமாதானம் சொல்வதைத்தான் முகாம்களில் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியை நிறுத்துங்கள், குழந்தைக்குப் பழகிய ஒருவர் மட்டும் அதிகம் பேசாமல் அருகில் இருக்கட்டும். அன்றைய நிகழ்ச்சிகளை வேன், பாய், வண்ணக்கட்டி, சாப்பாட்டுத் தட்டு எனப் பட அட்டைகளாக வரிசையில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் குழந்தையின் கையாலேயே கழற்ற வையுங்கள்; அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிக் கலவரம் அடங்கிவிடும். சிறப்பு விருந்தினருக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடும் அமைப்பாளர்களிடம் இதை விளக்குவதுதான் கடினம். மெரினாவில் சக்கர நாற்காலிகளுக்காக 2022-இல் திறக்கப்பட்ட மரப்பாதை உண்டு; கூட்டமும் இரைச்சலும் சேரும் மாலையைத் தவிர்த்து, காலையிலேயே போய் வந்துவிடுங்கள்.

ஒரு தாய்:
என் மகனுக்குப் பேச்சு வராது. பதிவுப் படிவங்கள் எல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு எத்தனை சதவீதம் என்று கேட்கின்றனவே தவிர, கழிப்பறை போக வேண்டுமென்றால் அவன் எப்படித் தெரிவிப்பான் என்று கேட்பதில்லை. அவன் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகுவான். அது தெரியாதவர்களுக்கு அது வெறும் சேட்டை. எனவே "வேண்டும்", "வேண்டாம்", "வலிக்கிறது" ஆகிய மூன்றையும் உங்கள் பிள்ளை எப்படிச் சொல்வான் என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. உடை மாற்றும்போது நீங்கள் தனியாக இருக்காமல் இன்னொரு பெரியவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. எங்களைக் கேட்காமல் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

கயல்:
மிக்க நன்றி. அந்த மூன்று கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க முடியுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் இன்றே கேட்கிறேன்.