நனைந்து உப்பிப்போன கார்கசோன் அட்டைகள்: காப்பாற்ற வழி உண்டா?

தாழ்வாரம்:
நேற்றிரவு மழையில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கார்கசோன் (சதுர அட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து ஆடும் போர்டு கேம்) பெட்டி ஊறிவிட்டது. 72 அட்டைகளில் பாதிக்கு மேல் நனைந்துவிட்டன. சிலவற்றில் படத்தாள் மூலையில் பிரிகிறது, சிலது டீயில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பியிருக்கிறது. மரப் பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொட்டைமாடி வெயிலில் போடவா, ஹேர் டிரையர் பிடிக்கவா?

பைண்டர் மகள்:
இரண்டும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் அட்டை அந்தப் பக்கமாகச் சுருண்டுவிடும்.

முதலில் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுங்கள். ஈரப் பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒற்றி எடுத்துவிட்டு, மேல்தாள் பிசுபிசுப்பு போகும்வரை ஃபேன் காற்றில் பரப்பி வையுங்கள். அப்புறம் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே பலகையும் கனமான புத்தகங்களும். செய்தித்தாள் கூடாது, மை ஏறிவிடும். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள், பிறகு காலையும் மாலையும் போதும். ஒரு வாரமாவது பொறுமை வேண்டும்.

பிரிந்த மூலைகளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொட வேண்டும். பெவிகாலை பல்குச்சி நுனியில் எடுத்து உள்ளே தடவி, வழிந்ததைத் துடைத்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து இரவு முழுக்க அழுத்துங்கள். தண்ணீர் அதிகம் கலந்தால் அட்டை மறுபடி உப்பும். எங்கள் பைண்டிங் பட்டறையில் மைதாப் பசைதான், பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்போம். அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பொருளுக்கு ஆகாது.

கடைசி_டர்ன்:
இஸ்திரி போட்டால் தட்டையாகிவிடாதா?

பைண்டர் மகள்:
மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு கெட்டுப்போகும். வேண்டாம்.

மஞ்சள் மீப்பிள்:
ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊறிய நார் பழைய கனத்துக்கு முழுசாகத் திரும்பாது. பார்க்க அசிங்கமாக இருப்பது பெரிய விஷயமில்லை, கார்கசோனில் அட்டையைப் பார்க்காமல் எடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். துணிப்பையில் போட்டால் தடித்தது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும். பையை விடுங்கள். கவிழ்த்து ஒரே கோபுரமாக அடுக்கி, மேலிருந்து மட்டும் எடுங்கள். தொடக்க அட்டையின் முதுகு நிறமே வேறு, அதைக் கலைப்பதே இல்லை, எவ்வளவு உப்பினாலும் கவலையில்லை. இதுவே கேட்டன் என்கிற இன்னொரு போர்டு கேம் என்றால் 19 நில அட்டைகளும் மேசையில் திறந்தே கிடக்கும், தடிமன் ஒரு பிரச்சினையே இல்லை.

தாழ்வாரம்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். பெரும்பாலும் தட்டையாகிவிட்டன, கோபுர யோசனையில் ஆடவும் முடிகிறது. இரண்டு அட்டைகளின் ஓரத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள், முடை நாற்றம் வேறு.

பைண்டர் மகள்:
பூஞ்சைதான். அந்த இரண்டையும் தனியே வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும். அதற்கப்புறமும் நாறினால் தூக்கிப்போடுங்கள், 70 அட்டையிலும் ஆட்டம் ஓடும்.