கும்பகோணம் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் யார்: ஆளுநரா, முதல்வரா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் பல்கலைக்கழகம் அமைக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை, அரியலூர் மாவட்டக் கல்லூரிகளைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து இதில் சேர்ப்பது திட்டம். வேந்தர், அதாவது பல்கலைக்கழகத்தின் தலைவர், முதலமைச்சர். அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தராமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். வேதாரண்யத்துப் பிள்ளை ஒரு சான்றிதழ் வேலைக்குத் திருச்சி வரை அலைகிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபை கேட்டதை, டெல்லி நியமித்த ஒருவர் நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

மன்னார்குடிக்காரன்:
அண்ணே, பல்கலைக்கழகம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது, ராமானுஜன் படித்த இடம். அந்த ஊருக்குக் கிடைக்க வேண்டியதுதான். முதல்வரே வேந்தர் என்பதைத்தான் எதிர்க்கிறேன். துணைவேந்தர், சிண்டிகேட் என்னும் ஆட்சிக் குழு, பேராசிரியர் நியமனம் எல்லாம் ஆளுங்கட்சி கைக்குப் போய்விடும். 2018இல் கோவையில் ஒரு துணைவேந்தர் லஞ்ச வழக்கில் கைதானார். பதவிக்குக் கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று அதே ஆண்டு ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தே பேசினார்.

அரசலாற்றங்கரை:
சரி தம்பி, அப்போது வேந்தர் யார்? ஆளுநர்தானே? நியமன ஆணை அந்த மாளிகையிலிருந்துதானே வந்தது? 2018 ஏப்ரலை மறந்துவிட்டீர்களா? காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நாம் ரயிலை மறித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கர்நாடகத்தைச் சேர்ந்த சூரப்பாவைத் துணைவேந்தராக நியமித்தார்கள். அவருடைய படிப்பைக் குறை சொல்லவில்லை. எதிர்க்கட்சிகள் கத்தின, ஒன்றும் மாறவில்லை. முதல்வர் தப்புச் செய்தால் ஐந்து வருடத்தில் கேட்கலாம். ஆளுநரிடம் நாம் எந்தத் தேர்தலில் கேட்பது?

திருவாரூர் விரிவுரையாளர்:
நான் கௌரவ விரிவுரையாளர். இரண்டு பேரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தை ஒருங்கிணைப்புக் குழு ஓட்டுகிறது. முக்கியமான முடிவு எதுவானாலும் "புதியவர் வரட்டும்" என்று தள்ளிப் போகிறது. துணைவேந்தர் பெயரைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டும் என்று ஆளுநர், தேவையில்லை என்று அரசு. இந்த இழுபறியில் காலம் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், துணைவேந்தர் நியமனத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் உட்பட ஆளுநர் நிறுத்தி வைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. மே மாதமே உயர் நீதிமன்றம் அவற்றில் உள்ள துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை போட்டது. எங்கள் பணி நிரந்தரத்தைப் பற்றி இவ்வளவு வேகமாக எந்த அமர்வும் கூடவில்லை.

மன்னார்குடிக்காரன்:
மேடம், உங்கள் கஷ்டம் நியாயமானது. ஆனால் 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு என்ன சொன்னது? ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அரசலாற்றங்கரை:
பாதியைச் சொல்கிறீர்கள். காரணம் சொல்லாமல் காலவரையின்றி மசோதாவை வைத்திருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் அதே அமர்வு சொன்னது. ஆளுநருக்கு வேந்தர் பதவியைச் சுமத்த வேண்டாம் என்று மத்திய-மாநில உறவை ஆராய மத்திய அரசு அமைத்த புஞ்சி ஆணையமே 2010இல் பரிந்துரைத்தது. 1994இல் ஜெயலலிதா ஆட்சியும் முதல்வரை வேந்தராக்க மசோதா கொண்டுவந்தது. இதை ஒரு கட்சியின் ஆசை என்று எப்படி ஒதுக்குவீர்கள்?

மன்னார்குடிக்காரன்:
இரண்டு கட்சியும் ஆசைப்பட்டதால்தான் பயமே. கட்சி சாராத கல்வியாளரை வேந்தராக்கி ஒரு மசோதா கொண்டு வரட்டும், முதல் ஆளாக ஆதரிக்கிறேன்.

அரசலாற்றங்கரை:
கேரளா 2022இல் அதைத்தான் செய்தது. ஆளுநரை நீக்கிவிட்டுக் கல்வியாளரை வேந்தராக்கும் மசோதா. அங்கேயும் ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், 2024இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. முதல்வர் பெயரே இல்லாத மசோதா அது. அதை ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் கும்பகோணத்தைப் பேசுவோம்.

மன்னார்குடிக்காரன்:
கேரள மசோதாவை நிறுத்தியது சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல்வர் வேந்தராவதற்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

திருவாரூர் விரிவுரையாளர்:
யார் வேந்தரானாலும் தேடுதல் குழு பரிசீலித்த பெயர்களையும், ஒருவரை எடுத்த காரணத்தையும் வெளியிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லி நம் தொகுதி எம்எல்ஏக்களுக்கு மனுக் கொடுப்போமா? நான் எழுதித் தருகிறேன். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடுவீர்களா?